பாடம் நடத்துகிறவருக்கும் ஒரு பங்கு

(அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தரப்படுகிறது.)





வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசித்து முடித்துவிட்டார். அதில் 'கல்வி உதவி' என்ற தலைப்பு வந்ததும் கூட்டத்தில் 'மாஷா அல்லாஹ்' என்று ஒரு சத்தம் எழுந்தது. ஆண்டுதோறும் எழும் சத்தம்தான். அது எங்களுக்கும் மகிழ்ச்சி தருவதுதான். ஆனால் இன்று அந்தத் தலைப்பைப் பற்றியே கொஞ்சம் மனக்குறையோடு பேச வேண்டியிருக்கிறது. பொறுமையாகக் கேளுங்கள். சாப்பாடு தயாராக இன்னும் நேரம் இருக்கிறது என்று சமையல்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறோம்.

நம் உதவியில் படித்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். தகப்பனார் இல்லை, தாயார் வீட்டில் தையல் வேலை செய்கிறார். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். பிளஸ் ஒன்னில் கணிதம், உயிரியல் உள்ள பிரிவில் சேர்த்தோம். கட்டணம், சீருடை, நோட்டு, பேருந்துச் செலவு எல்லாவற்றையும் கொடுத்தோம். முதல் பருவம் முடியும் முன்பே இயற்பியல் ஆசிரியை வேலையை விட்டுப் போய்விட்டார். இரண்டு மாதம் அந்த வகுப்புக்கு ஆள் இல்லை. பிறகு, அப்போதுதான் படிப்பை முடித்து வந்த ஒரு பெண்ணைப் பள்ளி நியமித்தது. நல்ல பெண், உழைப்பாளி. ஆனால் மேல்நிலை வகுப்பை அதுவரை எடுத்ததே இல்லை. நம் பிள்ளை பிளஸ் டூவில் தேறியது. ஆனால் இயற்பியலில் தட்டுத்தடுமாறித்தான் கரையேறியது. எந்தப் படிப்பை எண்ணி அந்தப் பிரிவில் சேர்ந்ததோ அந்தப் படிப்பு கிடைக்கவில்லை.

அந்தப் பிள்ளையின் தாயார் அலுவலகத்துக்கு வந்து நன்றி சொன்னார்கள். குறை ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை. இரண்டு வருடம் ஒரு வகுப்பறை வாசல் வரை கொண்டுபோய் விட்டோம். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு பள்ளிக்குப் போய் அந்த ஆசிரியையைச் சந்தித்தோம். விசாரணைக்கு வந்திருக்கிறோம் என்று முதலில் பயந்துவிட்டார். மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தபோது ஒன்று சொன்னார்: "பாய், தப்பா நினைக்காதீங்க. ஸ்பெக்ட்ரோமீட்டரை நான் காலேஜ்ல தொட்டதே ரெண்டு தடவைதான். எட்டுப் பேருக்கு ஒண்ணு இருக்கும். ஒருத்தர் ரீடிங் எடுப்பாங்க, மத்தவங்க எழுதிக்குவோம். இப்ப அறுபது பிள்ளைங்களுக்கு நான் செட் பண்ணிக் காட்டணும். யார்கிட்ட போய்க் கேக்கறது?"

இன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றித்தான்.

முதலில் மேல்நிலை வகுப்பு என்பது என்ன என்று பார்ப்போம். இங்கே ஐம்பது அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களில் மூத்தவர்கள் பி.யு.சி. படித்தவர்கள். அந்த ஒரு வருடத்தைக் கல்லூரியில்தான் படித்தீர்கள். கல்லூரி விரிவுரையாளர் கல்லூரி ஆய்வகத்தில் நடத்தினார். 1978ல் பிளஸ் டூ வந்தபோது அந்தப் படிப்பு பள்ளிக்கூடத்துக்கு இடம் மாறியது. பாடத்தின் கனம் குறையவில்லை, நடத்தும் இடம் மட்டும் மாறியது. கல்லூரியில் ஒரு துறைக்கு நாலைந்து பேர் இருப்பார்கள், ஒருவருக்குத் தெரியாததை மற்றவரிடம் கேட்டுக்கொள்வார்கள். பள்ளியில் இயற்பியலுக்குப் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். அவர் சந்தேகம் கேட்க வேண்டுமானால் பக்கத்து ஊருக்குத்தான் போக வேண்டும்.

அது போதாதென்று, கடந்த சில ஆண்டுகளில் பாடத்திட்டமே தலைகீழாக மாறிவிட்டது. 1200 மதிப்பெண் என்பது 600 ஆனது. 2018-19ல் பதினோராம் வகுப்புக்கும் அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கும் புதிய பாடநூல்கள் வந்தன. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண்ணுக்குக் கேள்வி வரும் என்று சொல்லும் 'புளூபிரிண்ட்' போய்விட்டது. புத்தகத்தின் எந்த மூலையிலிருந்தும் கேட்கலாம் என்றானது. கைடு வைத்து மனப்பாடம் செய்ய வைத்து 'சென்டம்' வாங்கித் தந்த பழைய வித்தை இனி முழுசாக உதவாது. அது நல்ல மாற்றம்தான், நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் புத்தகம் மாறிய வேகத்தில் நடத்துகிறவருக்கு யார் கற்றுக் கொடுத்தது?

கணினி அறிவியலை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஸ்டார் ஆபீஸும் சி பிளஸ் பிளஸ்ஸும் இருந்தன. புதியதில் பைத்தான், மை எஸ்க்யூஎல். சி பிளஸ் பிளஸ் பதினோராம் வகுப்புக்கு இறங்கிவிட்டது. பத்து வருடம் ஸ்டார் ஆபீஸ் நடத்திய ஓர் ஆசிரியர் ஒரு கோடை விடுமுறைக்குள் புதிய மொழியைத் தானே கற்றுக்கொண்டு ஜூன் மாதம் வகுப்புக்குள் நுழைய வேண்டும். கணக்குப்பதிவியலில் கடைசிப் பாடம் டேலி. வணிகவியலில் ஜி.எஸ்.டி. வந்துவிட்டது. அந்த வரி நாட்டுக்கே வந்தது 2017 ஜூலையில்தான், அதற்கு முன்பு எம்.காம். முடித்தவர் அதை எந்தக் கல்லூரியிலும் படித்திருக்க முடியாது. நம் கடைவீதியில் இருக்கிற வியாபாரிகளுக்கு இது புரியும். ஜி.எஸ்.டி.யைப் புரிந்துகொள்ள நீங்கள் ஆடிட்டருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? அந்த ஆசிரியைக்கு ஆடிட்டர் யார்?

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கும், அரசு சம்பளம் தரும் உதவிபெறும் பணியிடங்களில் உள்ளவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, மாவட்டங்களில் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. பயிற்சிக்கு அழைப்பு வரும். போகிற நாள் பணிநாளாகவே கணக்காகும். அந்தப் பயிற்சி எவ்வளவு பயனுள்ளது என்பது வேறு விஷயம். போய் வந்தவர்கள் நல்லதும் சொல்கிறார்கள், கொட்டாவி விட்டதையும் சொல்கிறார்கள். வழி என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

நம் பிள்ளைகள் பெரும்பாலும் எங்கே படிக்கிறார்கள்? நம் சமுதாயம் நடத்தும் மெட்ரிகுலேஷன் பள்ளிகளில், அல்லது உதவிபெறும் பள்ளிகளுக்குள்ளேயே நிர்வாகம் சம்பளம் கொடுத்து நடத்தும் சுயநிதிப் பிரிவுகளில். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் கேட்டுப் பார்த்தோம். சுயநிதிப் பிரிவில் மேல்நிலை வகுப்பு எடுப்பவர்களில் அநேகர் பெண்கள். சம்பளம் குறைவு. ஒருநாள் விடுப்பு எடுத்தால் பிடித்தம். மே மாதச் சம்பளம் தராத இடங்களும் உண்டு. புதுப் பாடத்திட்டம் வந்த பிறகு உங்களுக்குப் பயிற்சி ஏதும் கிடைத்ததா என்று கேட்டால், ஒருவருக்கொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். யூடியூப் பார்த்துப் படித்தோம் என்றார் ஒருவர். இன்னொருவர் தன் சொந்தப் பணத்தில் ஆன்லைன் டியூஷன் எடுத்துக்கொண்டாராம். மாணவர்களுக்கான அந்த டியூஷனில் மாணவி என்று பெயர் கொடுத்துச் சேர்ந்திருக்கிறார்! இதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். வீட்டுக்கு வந்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை.

இவர்கள் குறைவான ஆசிரியர்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆதரவில்லாமல் விடப்பட்டவர்கள். விட்டவர்களில் நாமும் இருக்கிறோம்.

நம் முன்னோர்கள் கல்விக்குச் செய்தது சாதாரணமல்ல. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919ல் வந்தது. திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை நியூ காலேஜும் 1951ல் வந்தன. உத்தமபாளையம், பாளையங்கோட்டை, இளையான்குடி என்று அடுத்தடுத்து எழுந்தன. தோல் வியாபாரமும் கடல் கடந்த வியாபாரமும் செய்து சேர்த்த பணத்தைக் கட்டிடமாகவும் நிலமாகவும் ஆக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த தலைமுறை, அதாவது நாங்கள், கட்டிடத்தை விட்டுவிட்டு மாணவருக்கு வந்தோம். கட்டணம், புத்தகம், பரிசு என்று கொடுத்தோம். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஆசிரியர் யார் கண்ணிலும் படவில்லை. கட்டிடத்துக்குக் கல்வெட்டு வைக்கலாம். மாணவருக்குக் காசோலை கொடுத்து மேடையில் படம் எடுக்கலாம். ஓர் ஆசிரியைக்கு ஸ்பெக்ட்ரோமீட்டர் கற்றுக் கொடுப்பதை எப்படிப் படம் எடுப்பது? உண்மையைச் சொன்னால் இதுவும் ஒரு காரணம்தான்.

நாங்கள் இதில் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு 'ஆசிரியர் மேம்பாட்டு நாள்' நடத்தினோம். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். திருமண மண்டபம், பேனர், சால்வை, வெளியூரிலிருந்து ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர். அவர் நன்றாகவே பேசினார். நாலு இடத்தில் கைதட்டல் வாங்கினார். மதியம் பிரியாணி. முடிவில் கருத்துச் சீட்டு கொடுத்து எழுதச் சொன்னோம். எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தோம், இந்தப் பேச்சுக்காகத் திரும்பப் படித்தோம். பிரியாணியைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு சீட்டில் மட்டும், பெயர் போடாமல், "கரிம வேதியியல் வினைகளின் வழிமுறையை யாராவது ஒருநாள் நடத்தினால் நன்றாக இருக்கும்" என்று எழுதியிருந்தது. அதை அன்றைக்கே படித்திருக்க வேண்டும்.

பயிற்சி என்றால் எங்களுக்கு இப்போது புரிவது இதுதான். அது பாடத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும், ஊக்கத்தைப் பற்றியதாக அல்ல. ஊக்கம் அவர்களிடம் இருக்கிறது, நம்மிடம்தான் இல்லாமல் போயிற்று. ஒரு பாடத்துக்கு ஒரு குழு. இயற்பியல் ஆசிரியரையும் தமிழாசிரியரையும் ஒரே மண்டபத்தில் உட்கார வைத்துப் பொதுவாகப் பேசுவதில் பயனில்லை. கையால் செய்து பார்க்க வேண்டும். பொதுத்தேர்வில் அறிவியல் பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறையில் யாரும் தோற்பதில்லை என்பதால் பள்ளிகள் அதைக் கவனிப்பதில்லை. ஆய்வகத்தில் ஒழுங்காகச் செய்து பார்த்த பிள்ளைக்கு அந்த 70க்கும் பாடம் புரிகிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அப்புறம், ஒரு தடவையோடு முடியக் கூடாது. மே மாதம் கற்றுக்கொண்டதை ஜூலையில் வகுப்பில் நடத்தும்போதுதான் புதுச் சந்தேகம் வரும். அதைக் கேட்க மறுபடி ஓர் இடம் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, முதல் வருடமே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்குகிற பழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதனால் அடிவாங்குவது பிள்ளைகள். நீட் தேர்வில் இரண்டு வருடப் பாடமும் வருகிறது, கல்லூரிக் கணிதம் பதினோராம் வகுப்பின் மேல்தான் நிற்கிறது. பிளஸ் ஒன் பாடத்தில் ஆசிரியருக்கே பிடிப்பு இல்லாவிட்டால் அதைத் தாண்டிப் போகத்தான் தோன்றும். பயிற்சியைப் பதினோராம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்று நாங்கள் நினைப்பது இதனால்தான்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று எங்கள் அறங்காவலர் ஒருவரின் உறவினர் மூலம் தெரிந்துகொண்டோம். அவர் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறார். அமெரிக்காவில் பள்ளியிலேயே கல்லூரித் தரத்துக்குப் பாடம் நடத்தும் 'அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்' என்ற ஏற்பாடு 1950களிலிருந்து இருக்கிறது. காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்துகிறது. அந்தப் பாடங்களை நடத்தும் ஆசிரியர்களுக்குக் கோடையில் சில நாள் பாடவாரியாகப் பயிலரங்கு உண்டு. கட்டணத்தைப் பெரும்பாலும் ஆசிரியர் கையிலிருந்து வாங்குவதில்லை, பள்ளி நிர்வாகமோ அரசு நிதியோ அறக்கட்டளையோ கட்டுகிறது. டல்லாஸ் நகரில் 1990களின் நடுவில் ஓர் அறக்கட்டளை இதற்கென்றே பணம் ஒதுக்கியது. ஆசிரியர் பயிற்சி, மாணவரின் தேர்வுக் கட்டணத்தில் பங்கு, தேறினால் மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஊக்கத்தொகை. கிராபோ ஜாக்சன் என்ற பொருளியல் அறிஞர் டெக்சாஸில் நடந்த இந்த ஏற்பாட்டை ஆராய்ந்து 2010ல் கட்டுரை வெளியிட்டார். அது நடந்த பள்ளிகளிலிருந்து கல்லூரிக்குப் போகிறவர்கள் கூடினார்கள் என்பது அவர் கண்டது. பணப்பரிசும் பயிற்சியும் ஒரே மூட்டையில் கட்டியிருந்ததால் எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். பிள்ளைக்குத் தேர்வில் தேறப் பணம் கொடுப்பதில் எங்களுக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் அந்த அறக்கட்டளை ஒன்றைப் புரிந்துகொண்டிருந்தது: கடினமான பாடத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டுமானால் முதலில் அதை நடத்துகிறவரைத் தயார் செய்ய வேண்டும்.

சரி, பணத்துக்கு வருவோம். இங்கேதான் நிர்வாகக் குழுவில் இரண்டு கூட்டம் முழுக்க விவாதம் நடந்தது. அதை மறைக்காமல் உங்கள் முன் வைக்கிறோம்.

முதல் கேள்வி, ஜகாத் பணத்தை இதற்குச் செலவிடலாமா என்பது. நாங்கள் நம் ஊர் ஆலிம் பெருமக்களிடம் கலந்து பேசினோம். ஜகாத்துக்கு உரியவர்கள் எட்டு வகையினர் என்பது நாம் எல்லோரும் அறிந்தது. அந்தப் பொருள் உரியவரின் கையில் உடைமையாகச் சேர வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. கல்விப் பணிகளையும் 'அல்லாஹ்வின் பாதையில்' என்பதற்குள் சேர்த்துப் பார்க்கிற அறிஞர்களும் இக்காலத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் கொடுத்தவர்களின் மனதில் சஞ்சலம் வரக் கூடாது என்பதால் பேணுதலான பக்கத்திலேயே நிற்க முடிவு செய்திருக்கிறோம். ஜகாத் நிதியிலிருந்து ஒரு காசு கூடப் பயிற்சிக்குப் போகாது. ஏழை மாணவரின் கட்டணம் ஜகாத்திலிருந்து தொடரும். பயிற்சிச் செலவு ஸதகாவிலிருந்தும், நம் கடைகளின் வாடகையிலிருந்தும், பொது நன்கொடையிலிருந்தும் மட்டுமே. இரண்டு கணக்கும் இப்போது போலவே தனித்தனி வங்கிக் கணக்கில் இருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இரண்டாவது, மாணவர் உதவி குறைந்துவிடாதா? குறையும். அதை இனிப்பு தடவிச் சொல்ல விரும்பவில்லை. பொது நிதியிலிருந்து கல்விக்குச் செலவிடும் ரூபாயில் இருபது காசை ஆசிரியருக்கு ஒதுக்குவது என்பது எங்கள் பரிந்துரை. அந்த இருபது காசு இதுவரை பரிசளிப்பு விழாவுக்கும், கேடயத்துக்கும், பத்தாம் வகுப்பில் முதல் மூன்று இடம் பெற்றவர்களுக்குத் தரும் தொகைக்கும் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகளில் சிலர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு நல்ல புத்தகமும் துஆவும் போதும் என்று நினைக்கிறோம். உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

மூன்றாவது கேள்வியை மூத்த அறங்காவலர் ஒருவர் கேட்டார். "நாம காசு போட்டுப் பயிற்சி கொடுப்போம். அவுங்க அடுத்த வருசம் ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு எழுதி அரசுப் பள்ளிக்குப் போயிருவாங்க. நமக்கு என்ன லாபம்?" அவர் கேட்டது நியாயமான கேள்வி. சிலர் போவார்கள். ஒப்பந்தம் எழுதி வாங்கலாம், அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் யோசனை வந்தது. அதற்கு நாங்கள் ஒப்பவில்லை. ஒருவருடைய சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலை வாங்குவது நமக்கு அழகல்ல. சில நிர்வாகங்கள் அப்படிச் செய்கின்றன என்று தெரியும், அங்கிருந்துதான் ஆசிரியர்கள் முதலில் ஓடுகிறார்கள். அரசுப் பள்ளிக்குப் போனாலும் அவர் பிள்ளைகளுக்குத்தானே பாடம் நடத்தப் போகிறார்? அங்கேயும் நம் தெருப் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அதே வழியில் இன்னொரு கேள்வி, முஸ்லிம் ஆசிரியர்களுக்கு மட்டுமா? நம் பள்ளிகளின் மேல்நிலை வகுப்புகளில் இந்து, கிறித்தவ சகோதரிகள் நிறையப் பேர் பாடம் நடத்துகிறார்கள். நம் பிள்ளைகளை அவர்கள் பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நோன்பு மாதத்தில் மதியத்துக்கு மேல் பிள்ளை சோர்ந்திருந்தால் முன் பெஞ்சுக்கு அழைத்து உட்கார வைக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி இல்லை என்று நாம் சொன்னால் அந்த நஷ்டம் யாருக்கு? வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. ஜகாத் இதில் கலக்கவில்லை என்பதால் தடையும் இல்லை.

இனி, எப்படிச் செய்யப் போகிறோம். முதல் வருடம் மூன்று பாடம் மட்டும்: இயற்பியல், கணிதம், கணக்குப்பதிவியல். கணக்குப்பதிவியல் ஏன் என்று சிலர் கேட்டார்கள். நம் பெண் பிள்ளைகளில் பெரும் பகுதியினர் வணிகவியல் பிரிவில்தான் படிக்கிறார்கள். டாக்டர், இன்ஜினியர் என்று பேசிப் பேசியே அவர்களை மறந்துவிடுகிறோம். மே மாதத்தில் ஐந்து நாள், பிறகு ஜூன் முதல் டிசம்பர் வரை மாதம் ஒரு சனிக்கிழமை. இடத்துக்குப் பக்கத்துக் கல்லூரிகளின் ஆய்வகங்களைக் கேட்கப் போகிறோம். கோடையில் அவை பூட்டித்தான் கிடக்கின்றன. பாடம் நடத்த ஓய்வு பெற்ற பேராசிரியர்களையும், பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தி அனுபவப்பட்ட மூத்த முதுகலை ஆசிரியர்களையும் அழைப்போம். பெண் ஆசிரியைகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மாலை நாலு மணிக்குள் முடிய வேண்டும், கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஓர் அறை வேண்டும். இரண்டும் உண்டு.

வருகிற ஒவ்வொருவருக்கும் போக்குவரத்துச் செலவும் நாளொன்றுக்கு ஒரு தொகையும் தருவோம். இதற்கும் எதிர்ப்பு வந்தது. கற்றுக் கொடுத்துவிட்டுக் காசும் கொடுக்க வேண்டுமா என்று. மே மாதச் சம்பளமில்லாத ஒரு பெண், அந்த மாதம் டியூஷன் எடுத்து நாலு காசு பார்க்கிறவர், அதை விட்டுவிட்டு நம்மிடம் வந்து ஐந்து நாள் உட்கார வேண்டும். அந்த இழப்பை அவர் தலையில் வைப்பது சரியில்லை. சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறவருக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று பள்ளித் தாளாளர்களிடம் எழுத்தில் உறுதி வாங்குவோம். உறுதி தராத பள்ளியின் ஆசிரியரையும் சேர்ப்போம், அவருக்குப் பிடித்தமாகும் தொகையை நாமே கொடுப்போம். பள்ளியின் பெயரை மட்டும் அடுத்த கூட்டத்தில் வாசிப்போம். தாளாளர்கள் சிலர் முன் வரிசையில் இருக்கிறார்கள், அவர்கள் சிரிப்பதைப் பார்த்தால் உறுதி வந்துவிடும் என்று தெரிகிறது.

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டியதும் இல்லை. மைசூருவில் என்.சி.இ.ஆர்.டி.யின் மண்டலக் கல்வியியல் நிறுவனம் 1963லிருந்து இருக்கிறது, தென் மாநில ஆசிரியர்களுக்கானது. மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், சான்றிதழ்த் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். தேர்வு எழுதத் துணிகிற ஆசிரியருக்கு அந்தக் கட்டணத்தை நாங்கள் கட்டுவோம். தேறாவிட்டாலும் திருப்பிக் கேட்க மாட்டோம்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை, இந்த இதழ் அங்கும் வருவதால். வளைகுடாவில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் தங்கள் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை வெளிநாட்டு நிதியாகக் கருதப்படாது, தாராளமாக அனுப்பலாம். சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்ட நம் சொந்தங்கள் தயவுசெய்து நேரடியாக எங்கள் கணக்குக்கு அனுப்ப வேண்டாம். அதைப் பெறுவதற்கான எப்.சி.ஆர்.ஏ. பதிவு நம்மிடம் இல்லை. போன வருடம் ஒருவர் அன்போடு அனுப்பியதைத் திருப்பி அனுப்ப நாங்கள் பட்ட பாடு எங்களுக்கும் வங்கிக்கும்தான் தெரியும்.

பலன் எப்போது தெரியும் என்று கேட்பீர்கள். அடுத்த வருடத் தேர்வு முடிவிலேயே தெரியும் என்று வாக்குக் கொடுக்க மாட்டோம். நாங்கள் பார்க்கப் போவது வேறு. மே மாதம் வந்தவர்களில் எத்தனை பேர் டிசம்பர் வரை வருகிறார்கள், ஆய்வகச் சாவி பள்ளியில் யார் கையில் இருக்கிறது, எவ்வளவு அடிக்கடி திறக்கப்படுகிறது, பிளஸ் ஒன் புத்தகத்தில் எதுவரை நடத்தப்பட்டது என்று பிள்ளைகளிடமே கேட்போம். மூன்று வருடம் பொறுங்கள். அதற்குள் ஒன்றும் அசையவில்லை என்றால் இதே மேடையில் வந்து சொல்லிவிட்டு, அந்த இருபது காசைப் பழைய இடத்துக்கே திருப்பிவிடுவோம்.

நாங்கள் முதலில் சொன்ன அந்த ஆசிரியை இன்றும் அதே பள்ளியில்தான் இருக்கிறார். போன வாரம் தொலைபேசியில் பேசினோம். ஐந்து நாளும் வருவதாகச் சொன்னார். "முதல் நாளே ஸ்பெக்ட்ரோமீட்டர் வைங்க பாய், கடைசி நாள்னு தள்ளிப் போட்டா அன்னைக்குக் கரண்ட் போயிரும்" என்றார். முதல் நாள் காலையிலேயே வைத்திருக்கிறோம்.

தீர்மானத்தின் நகல் உங்கள் நாற்காலியில் இருக்கிறது. லுஹருக்குப் பிறகு, சாப்பாட்டுக்கு முன்பு, வாக்கெடுப்பு. ஆசிரியர்களுக்கான படிவம் வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. மாடியில் இருக்கும் சகோதரிகளுக்கு மேலேயே கொடுத்தனுப்பியிருக்கிறோம். படிவத்தில் 'எந்தப் பாடப்பகுதி உங்களுக்குக் கடினமாக இருக்கிறது' என்று ஒரு கேள்வி உண்டு. அதற்கு வெட்கப்படாமல் பதில் எழுதுங்கள். அந்தப் பக்கத்தைத் தாளாளர்களுக்குக் காட்ட மாட்டோம்.